குறைந்த செலவில் எடுக்கப்படும் சமயத் திகில் படங்கள் எப்படி இவ்வளவு பயமுறுத்துகின்றன?

சிறு முதலீட்டில் எடுத்த சில சமயத் திகில் படங்கள், கோடிகளைக் கொட்டி எடுத்தவற்றைவிட ஏன் நெஞ்சில் நிற்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடவுளும் சாத்தானும் கண்ணுக்குத் தெரிவதில்லை. என் பதில் இங்கேதான் தொடங்குகிறது. ராட்சத விலங்கைப் பற்றிய படத்தில் விலங்கைக் காட்டாவிட்டால் பார்ப்பவர் ஏமாந்துபோவார். ஆனால் ஒருவர் மண்டியிட்டுப் பிரார்த்திக்கும்போது எதிரே ஒன்றுமில்லாதது யாருக்கும் குறையாகத் தெரியாது. பிரார்த்தனையே அப்படித்தானே. பதில் வருமா, வந்தால் அது யாருடைய குரல் என்று நம் மனம் தானாகவே தேடத் தொடங்கிவிடும்.

2016இல் வந்த ‘எ டார்க் சாங்’ படத்தைத்தான் எல்லோருக்கும் சொல்வேன். லியாம் கேவின் இயக்கியது. ஒரு வீடு, பெரும்பாலும் இரண்டே நடிகர்கள். மகனை இழந்த தாய் ஒருத்தி, மந்திரச் சடங்கு தெரிந்த ஒருவரை அமர்த்துகிறாள். வீட்டைச் சுற்றி உப்பால் கோடு இடுகிறார்கள். சடங்கு முடியப் பல மாதங்கள் ஆகும், அதுவரை யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது. பிறகு பெரும்பகுதி உழைப்புதான்: தரையில் வட்டம் வரைவது, பட்டினி கிடப்பது, உறங்காமல் உட்கார்ந்திருப்பது. இந்த அலுப்பு மிக முக்கியம். அவர்களோடு சேர்ந்து நாமும் களைத்துப்போவதால், அந்தக் கோடு நமக்கும் உண்மையாகிவிடுகிறது. சடங்கின் நோக்கத்தைப் பற்றி அவள் முதலில் பொய் சொல்லியிருக்கிறாள் என்று தெரியவரும்போது அந்த மனிதருக்கு வரும் கோபம்தான் என்னை உலுக்கியது. பொய்யில் தொடங்கிய சடங்கு என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும்.

2010இல் வந்த ‘தி லாஸ்ட் எக்ஸார்சிசம்’ வேறு வழியில் போகிறது. நம்பிக்கை இழந்த மதபோதகர் ஒருவர், தான் செய்யும் பேயோட்டுதல் நாடகம்தான் என்று, சிலுவையிலிருந்து புகை வரவழைப்பது உட்பட எல்லாத் தந்திரங்களையும் கேமராவுக்கே காட்டிவிடுகிறார். அதனால் பண்ணைவீட்டுப் பெண்ணின் உடல் பின்னோக்கி வளையும்போது நம்மிடம் விளக்கம் ஏதும் மிஞ்சுவதில்லை. அந்த வளைவுகளை நடிகை ஆஷ்லி பெல் தாமே செய்தார். கடைசிக் காட்சிகளில் படம் எல்லாவற்றையும் காட்ட முற்பட்டது எனக்குப் பெரிய வருத்தம்.

ரோஸ் கிளாஸின் ‘செயின்ட் மாட்’ படத்தில், கடவுள் தன்னோடு பேசுவதாக நம்பும் செவிலி காலணிக்குள் ஆணிகளை வைத்துக்கொண்டு நடக்கிறாள். இயக்குநர் ஓரிடத்திலும் அவளை ஏளனம் செய்யவில்லை. சிலுவையைத் துப்பாக்கிபோல் நீட்டும் படங்கள் தோற்பது இங்கேதான். யாரும் எதையும் நம்பாத கதையில் இழப்பதற்கு என்ன இருக்கிறது?

நீங்களே படம் எடுக்க நினைத்தால், இருக்கும் பணத்தை ஒலிக்குச் செலவழியுங்கள். இருட்டு அறையில் முணுமுணுக்கும் ஜெபமும், அது பாதியில் நின்றபின் கேட்கும் மூச்சும் தெளிவாகப் பதிவானால், அந்த மூச்சு யாருடையது என்று பார்ப்பவர் கவலைப்பட ஆரம்பித்துவிடுவார்.