செமஸ்டர் லீவுக்கு நண்பர்களோடு ஈசிஆர் போகிறோம். குடித்துவிட்டு யாராவது மட்டையானால் தூங்க விட்டால் சரியாகிவிடுமா?

ஆகாது. "தூங்கினா சரியாயிடும்" என்ற இதே வார்த்தையை 2014 மே மாதம் ஒரு ராத்திரி திரும்பத் திரும்பக் கேட்டவள் நான். அதனால்தான் எழுதுகிறேன். கேட்டிருப்பது கல்லூரிப் பையன் என்றே வைத்துக்கொள்கிறேன்.

குடிக்க வழி சொல்லித் தருகிறாள் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். நான் இன்றுவரை குடித்ததில்லை. தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவர்களுக்கு மது விற்கவே கூடாது என்பதும் தெரியும். ஆனால் பரீட்சை முடிந்த பையன்கள் கடலோரம் வீடு எடுத்தால் என்ன நடக்கும் என்று ஊருக்கே தெரியும். "குடிக்காதே" என்று மட்டும் சொல்லி அனுப்பியவர்கள் யாரும் அன்றைக்கு எங்களோடு இல்லை.

கோவளம் தாண்டி ஒரு வாடகை வீடு. ஒன்பது பேர் போனோம், அதில் பெண்கள் மூன்று பேர். பரோட்டா வாங்கப் போனவர்கள் திரும்புவதற்குள் எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு பீரைக் குடித்துவிட்டு, பந்தயம் கட்டி ஒரு குவார்ட்டர் பிராந்தியையும் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டான். வெறும் வயிறு. வாழ்க்கையில் இரண்டாவது தடவையோ என்னவோ. குவார்ட்டர் என்றால் 180 மில்லி. நம் ஊர் பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். அந்தக் குவார்ட்டரில் மட்டும் அறுபது கிராம் சுத்த ஆல்கஹால். ஈரல் ஒரு மணி நேரத்தில் ஏழெட்டு கிராம், மிஞ்சிப்போனால் பத்து கிராம்தான் கரைக்கும்.

பத்து மணிக்குச் சரிந்தான். மோர் கொடுத்தார்கள், எலுமிச்சை பிழிந்து வாயில் ஊற்றினார்கள், தலையில் தண்ணீர் கொட்டினார்கள். ரத்தத்தில் ஏறியதை இவை எதுவும் இறக்காது. நினைவில்லாதவன் வாயில் ஊற்றுவது நேராக நுரையீரலுக்குப் போகலாம். அப்புறம் மல்லாக்கப் படுக்க வைத்து, ஃபேன் போட்டு, கதவைச் சாத்திவிட்டார்கள்.

அவன் போன் அடித்துக்கொண்டே இருந்ததால்தான் நான் உள்ளே போனேன். "அம்மா" என்று திரையில் வந்தது. எடுக்கவில்லை. குறட்டை நின்று நின்று வந்தது. கிள்ளினால் அசைவில்லை, கை சில்லென்று இருந்தது, உதடு கறுத்திருந்தது. 108 கூப்பிடலாம் என்றேன். போலீஸ் வரும், வீட்டுக்குத் தெரியும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நானும் அடங்கிவிட்டேன். ஊருக்குப் போகிறேன் என்று விடுதியில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள் நான். பேசிப் பேசியே நாற்பது நிமிடம் போனது. அதில் என் பங்கும் உண்டு.

இதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் பெண்கள் விடுதிக்கு ஆறரை மணிக்குக் கேட் பூட்டிவிடுவார்கள். பையன்கள் விடுதியில் வருகைப் பதிவே கிடையாது. பிறகு விஷயம் தெரிந்தபோதும், குடித்தவர்களை விட்டுவிட்டு "பொம்பளப் பிள்ளைகளுக்கு அங்கே என்ன வேலை" என்றுதான் விசாரணை நடந்தது. பூட்டிப் பூட்டி வைத்தால் பிள்ளைகள் பொய் சொல்லத்தான் பழகுவார்கள். ஆபத்து நேரத்தில் உண்மையைச் சொல்ல நா எழாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மோட்டார் நிறுத்த வந்த, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா எட்டிப் பார்த்தார். "மல்லாக்க வெக்காதம்மா, வாந்தி உள்ள போச்சுன்னா அவ்ளோதான். இருவது வருசமா எங்க வூட்டுக்காரரப் பாத்துக்கினு இருக்கேன்" என்று சொல்லி, அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, முகத்தைச் சாய்த்துவிட்டார். இரண்டு நிமிடத்தில் வாந்தி வந்தது. அப்போதுதான் 108-க்கு அடித்தேன்.

மருத்துவமனையில் ரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. குடியை நிறுத்திய பிறகும் வயிற்றில் இருப்பது ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும், அதனால்தான் தூங்க விடுவது ஆபத்து என்று டூட்டி டாக்டர் சொன்னார். நாங்கள் பயந்த மாதிரி யாரையும் பிடித்துக்கொண்டு போகவில்லை. இரண்டு நாளில் வீடு திரும்பினான்.

நீங்கள் செய்ய வேண்டியது, ஒருவராவது சொட்டுக்கூடத் தொடாமல் இருப்பது. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் பத்து நொடி இடைவெளி விழுந்தாலோ, நிமிடத்துக்கு எட்டு மூச்சுக்குக் குறைந்தாலோ, எழுப்பியும் எழவில்லை என்றாலோ யாரையும் கேட்காமல் 108. வரும்வரை பக்கத்திலேயே உட்காருங்கள். குடித்தவன் கடலில் கால் நனைக்கக்கூட வேண்டாம், பைக் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சீல் இல்லாத சரக்கைத் தொடவே தொடாதீர்கள். 2023-இல் மரக்காணம் பக்கமும், மறு வருடம் கள்ளக்குறிச்சியிலும் உயிர்களைக் குடித்தது கள்ளச்சாராயத்தில் இருந்த மெத்தனால் என்ற விஷ ஆல்கஹால். கண் மங்குவது அதன் அறிகுறி. கண் மங்குகிறது என்று யாராவது சொன்னால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று. ஆம்புலன்ஸ்காரர் முகவரி கேட்டபோது எங்களில் ஒருவருக்கும் தெரு பெயர் தெரியவில்லை. அந்த அக்காதான் டார்ச்சோடு மெயின் ரோட்டுக்கு ஓடினார். வீட்டுக்குப் போய் இறங்கியதும் தெரு பெயரையும் பக்கத்துக் கோயில் பெயரையும் கேட்டு எல்லோர் போனிலும் ஏற்றி வைத்துவிடுங்கள்.