சிஸ்டர் கொடுத்த செய்தி மடல் பொறுப்பு: எங்கே தொடங்குவது?

கேள்வி: தென்மாவட்டம் ஒன்றில், அரசு உதவி பெறும் கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். மாதாந்திரச் செய்தி மடல் பொறுப்பைத் தலைமையாசிரியை சிஸ்டர் இந்த ஆண்டு என்னிடம் கொடுத்துவிட்டார். நான் இந்து. திருப்பலி, புதுநன்மை என்று கத்தோலிக்கச் சடங்குகளைப் பற்றி எழுதும்போது ஏதாவது தப்பு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இதுவரை வந்த மடல்களில் பொன்னாடை படங்கள்தாம் அதிகம், பெற்றோர் யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. மாணவிகளின் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா என்பதும் புரியவில்லை. எங்கே தொடங்குவது?

பதில்: டீச்சர், நீங்கள் பயப்படும் விஷயம்தான் இதில் இருப்பதிலேயே சுலபம். வார்த்தைகளை ஒரு வாரத்தில் பழகிவிடலாம். கஷ்டமானது, நீங்கள் போகிறபோக்கில் சொல்லியிருக்கும் பொன்னாடை. பதினான்கு ஆண்டுகள் இப்படியொரு மடலைத் தயாரித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் பக்கத்திலிருந்து சிறப்பு விருந்தினரை இறக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அவரை மூன்றாம் பக்கத்தில் நான்கு வரிக்குள் மரியாதையாக உட்கார வைக்கலாம். எங்கள் பள்ளியில் அவர்களில் யாரும் கோபித்துக்கொண்டதில்லை, மடலைப் பிரித்தே பார்க்கவில்லையோ என்னவோ.

முதலில் ஒரு பெரிய காலண்டர் வாங்குங்கள். உங்கள் பள்ளியில் ஒரே நேரத்தில் மூன்று ஆண்டுகள் ஓடுகின்றன: கல்வித் துறையின் ஆண்டு, திருச்சபையின் வழிபாட்டு ஆண்டு, ஊரின் ஆண்டு. மூன்றையும் ஒரே தாளில் குறித்தால் செய்தி தானாக வந்து விழும். ஜூனில் பள்ளி திறந்த கையோடு 13ஆம் தேதி அந்தோனியார் திருநாள். ஜூலை 3 தோமையார், ஜூலை 15 காமராசர் பிறந்தநாள். ஆகஸ்ட் 15 சுதந்திர தினம், அன்றே மாதாவின் விண்ணேற்புப் பெருவிழா. செப்டம்பர் 5 ஆசிரியர் தினம்; அன்னை தெரசா 1997இல் இறந்ததும் அதே தேதியில்தான் என்பதால் அது அவருடைய திருநாளும் ஆகிறது. செப்டம்பர் 8 ஆரோக்கிய மாதா திருவிழா, வேளாங்கண்ணிக்கு நடந்து போன பிள்ளை உங்கள் வகுப்பிலேயே இருப்பாள். அக்டோபர் செபமாலை மாதம். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். டிசம்பர் 3 சவேரியார். ஜனவரி 14இல் புனித தேவசகாயமும் பொங்கலும் அநேகமாகச் சேர்ந்தே வரும். தேவசகாயம் 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டவர். அவரைப் பற்றித் தென்மாவட்டத்துப் பாட்டிமாரிடம் கேளுங்கள், பக்கம் பத்தாது. இவை தவிர, உங்கள் பள்ளியை நடத்தும் துறவற சபையின் நிறுவனர் நாளை சிஸ்டரிடம் கேட்டு, அந்தத் தேதியைச் சிவப்பில் வட்டமிடுங்கள். அதை மறந்தால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் புண்ணியமில்லை.

ஈஸ்டர் மட்டும் இடம் மாறும் விருந்தாளி. மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் வரலாம். அதற்கேற்ப, தவக்காலம் என்ற நோன்புக் காலம் தொடங்கும் சாம்பல் புதனும் பிப்ரவரி தொடக்கத்திலிருந்து மார்ச் முதல் பாதிவரை நகரும். தவக்காலமும் பொதுத்தேர்வும் மோதிக்கொள்ளும் மாதம் அதுதான். ஆண்டு விழாவைத் தவக்காலத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்று சிஸ்டர்கள் அவசரப்படுவதும் இதனால்தான். பிப்ரவரி மடல் தடிமனாகவும் மார்ச் மடல் மெலிந்தும் இருக்கும், விட்டுவிடுங்கள்.

இனி வார்த்தைகள். கத்தோலிக்கர் எழுத்தில் செபம், செபமாலை என்று சகரம் வரும். ஜெபம் என்பது பெரும்பாலும் சீர்திருத்த சபையார் எழுத்து. 'ஆராதனை நடைபெற்றது' என்று எழுதினால் சிஸ்டர் புருவம் உயரும், ஏனென்றால் கத்தோலிக்கரிடம் ஆராதனை என்றால் நற்கருணை ஆராதனை (அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தை வைத்து வணங்குவது), அது வேறு. நீங்கள் சொல்ல வந்தது திருப்பலி, அதாவது பூசை. அருட்தந்தை திருப்பலி நிறைவேற்றுவார், மக்கள் பங்கேற்பார்கள். புதுநன்மை என்று ஊரில் சொல்வதைப் பங்கு அறிவிப்பில் முதல் நற்கருணை என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கான உறுதிப்பூசுதலை வழக்கமாக ஆயர் (பிஷப்) வந்து கொடுப்பார். வேதாகமம் அல்ல, விவிலியம். போப்பாண்டவர் என்று பத்திரிகைகள் எழுதட்டும், உங்கள் மடலில் திருத்தந்தை. ஃபாதர், சிஸ்டர் என்று பேசலாம், அச்சில் அருட்பணி., அருட்சகோதரி. தாளாளர் பெயருக்கு முன்னால் என்ன அடைமொழி போடுவது என்று சந்தேகம் வந்தால் பள்ளி லெட்டர்பேடைப் பாருங்கள்.

இரண்டு சொற்களில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். ஒன்று, கொடியேற்றம். ஆகஸ்ட் மடலில் 'கொடியேற்றம் சிறப்பாக நடைபெற்றது' என்று போட்டால் தேசியக் கொடியா, மாதா கொடியா? இரண்டுமே ஒரே மாதத்தில் ஏறியிருக்கும். இன்னொன்று, கோவில். தெற்கே கத்தோலிக்கர் தங்கள் ஆலயத்தைக் கோவில் என்றுதான் சொல்வார்கள். 'மாணவியர் கோவிலுக்குச் சென்றனர்' என்ற வரியை உங்கள் மாணவிகளின் வீடுகளில் பாதிப் பேர் வேறு மாதிரி படிப்பார்கள். 'பங்கு ஆலயம்' என்று எழுதிவிட்டால் குழப்பமில்லை.

நீங்கள் இந்து என்பதை ஒரு குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அது வசதியாகவே படுகிறது. நம் ஊர்க் கத்தோலிக்கப் பள்ளிகள் பலவற்றில் கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகள்தாம் அதிகம். சாம்பல் புதனன்று நெற்றியில் ஏன் சாம்பல் பூசுகிறார்கள் என்று உங்களுக்கு எழும் கேள்விதான் அந்த வீடுகளிலும் எழும். கேட்டுத் தெரிந்துகொண்டு இரண்டு வரி எழுதுங்கள். எனக்கு அது பிறந்ததிலிருந்தே தெரிந்த விஷயம், அதனாலேயே விளக்க வேண்டும் என்று பல ஆண்டு தோன்றவில்லை.

இதோடு சேர்ந்த ஒன்று. 'மாணவியர் அனைவரும் திருப்பலியில் பங்கேற்றனர்' என்று பழக்கத்தில் எழுதிவிடாதீர்கள். அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், சமயப் போதனைக்கோ வழிபாட்டுக்கோ யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, சிறார் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதம் வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 28(3). நடைமுறையில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி என்று பிரித்துத்தான் நடக்கிறது. நடந்ததை அப்படியே எழுதினால் போதும்: 'கத்தோலிக்க மாணவியர் திருப்பலியில் பங்கேற்றனர், மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு நடந்தது.' ஒரு சொல் சோம்பலால் 'அனைவரும்' ஆகி, அது வாட்ஸ்அப்பில் சுற்றி, வேண்டாத பஞ்சாயத்து வாசலுக்கு வரும்.

பெற்றோர் ஏன் படிப்பதில்லை என்பதற்கு வருகிறேன். அக்டோபர் மடலில் வழக்கமாக வரும் வரி இது: 'செபமாலை மாதத்தை முன்னிட்டு நமது பள்ளியில் சிறப்புச் செபவழிபாடு இனிதே நடைபெற்றது.' இதில் யாருடைய மகளும் இல்லை. அதையே இப்படி எழுதிப் பாருங்கள் (கெபி என்பது மாதா சிலை வைத்த குகை மாடம்): 'அக்டோபர் முழுவதும் முதல் மணிக்கு முன்பு கெபியருகே செபமாலை, நாளுக்கு ஒரு வகுப்பு. ஏழாம் வகுப்பு ஆ பிரிவின் முறை வந்த அன்று பார்த்து மழை. குடைக்குள் மூன்று மூன்று பேராக நின்று 53 மணியையும் முடித்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். தண்ணீர் சொட்டிய வராந்தாவை மாலையில் அவர்களே துடைத்தார்கள்.' ஏழாம் வகுப்பு ஆ பிரிவின் வீடுகள் அத்தனையும் இதைப் படிக்கும். இதற்கு நீங்கள் செய்ய வேண்டியது, அன்று காலை கெபியருகே போய் நிற்பது மட்டும்தான்.

செய்தி கிடைக்கும் இடம் ஸ்டாஃப் ரூம் இல்லை. வாட்ச்மேன் அண்ணன், சத்துணவு அக்கா, ஹாஸ்டல் வார்டன் சிஸ்டர், மணியடிக்கும் பிள்ளை, இவர்களிடம் வாரம் ஒருமுறை நின்று பேசுங்கள். தவக்காலத்தில் சில பள்ளிகளில் பிடியரிசி சேர்ப்பார்கள்: வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்து வைத்து, வார இறுதியில் கொண்டுவந்து மூட்டையில் கொட்டுவது. எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அதை ஜியாமெட்ரி பாக்ஸில் கொண்டுவந்தாள். காம்பஸ் முனையில் ஒட்டியிருந்த அரிசியையும் சுரண்டிப் போட்டாள். மொத்தம் எத்தனை கிலோ, எந்த இல்லத்துக்குப் போனது என்ற கணக்கை நான் ஒழுங்காக வெளியிட்டேன். பெற்றோர் பேசிக்கொண்டதென்னவோ அந்த ஜியாமெட்ரி பாக்ஸைப் பற்றித்தான்.

படங்கள் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். நான் சறுக்கியது இதில்தான். முன்னாள் மாணவியர் சங்கம் நாற்பது பிள்ளைகளுக்குச் சீருடை கொடுத்தது. வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்து, 'ஏழை மாணவியருக்கு உதவி' என்று தலைப்பும் போட்டு அச்சடித்துவிட்டேன். படத்தில் இருந்த எட்டாம் வகுப்புப் பெண் மூன்று நாள் பள்ளிக்கே வரவில்லை. அவளுடைய அம்மா வந்தார், திட்டவில்லை. 'துணிய நாங்க திருப்பிக் குடுத்துர்றோம் டீச்சர், படத்த எடுத்துருங்க' என்றார். அச்சான தாளிலிருந்து எதை எடுப்பது? அதற்குப் பிறகு எந்த உதவிச் செய்தியிலும் வாங்கியவர்களின் முகமோ பெயரோ வந்ததில்லை. கொடுத்தவர்கள் படம் கேட்பார்கள். துணிக்கட்டைப் படம் எடுத்துப் போடுங்கள்.

சேர்க்கைப் படிவத்தோடு படத்துக்கான சம்மதத் தாள் ஒன்றையும் பெற்றோரிடம் வாங்கச் சொல்லி சிஸ்டரிடம் கேளுங்கள். அச்சு மடல், பெற்றோர் வாட்ஸ்அப் குழு, பொதுவெளியில் உள்ள பேஸ்புக் என்று மூன்றுக்கும் தனித்தனி கட்டம் இருக்கட்டும். சிலர் முதல் இரண்டுக்கு மட்டும் சரி என்பார்கள். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் விஷயத்தில் பெற்றோர் சம்மதத்தைத்தான் கேட்கிறது. சம்மதம் இருந்தாலும் முகம், முழுப்பெயர், வகுப்பு, ஊர் நான்கையும் ஒரே இடத்தில் சேர்த்துப் பொதுவெளியில் போடாதீர்கள்.

கான்வென்ட் வளாகத்தில் குழந்தைகள் இல்லம் இருந்தால் இன்னும் ஜாக்கிரதை. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை, வழக்கில் சிக்கிய குழந்தை, பாதிக்கப்பட்ட குழந்தை போன்றவர்களின் பெயரையோ, முகவரியையோ, பள்ளியையோ, விசாரணை பற்றிய செய்தியில் அடையாளம் தெரியும்படி வெளியிடக் கூடாது என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 74. மீறினால் ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். நம் மடலில் விசாரணைச் செய்தி எதுவும் வரப்போவதில்லை. ஆனால் 'நமது இல்லக் குழந்தைகள்' என்று தலைப்பிட்டுப் படம் போடும் பழக்கம் நிறைய இடங்களில் இருக்கிறது. அந்தப் பிள்ளை கபடியில் ஜெயித்தால் 'ஒன்பதாம் வகுப்பு மாணவி' என்று போடுங்கள். அவள் எங்கே தூங்குகிறாள் என்பது கபடிக்குச் சம்பந்தமில்லாதது.

பெயர்களைச் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்தே எழுதுங்கள். தமிழாசிரியை என்பதால் கை பரபரக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். பதிவேட்டில் அந்தோணியம்மாள் என்று இருந்தால் அந்தோணிதான், அந்தோனி என்று திருத்த நமக்கு உரிமையில்லை. ஆரோக்கிய, ஆரோக்ய, சகாயமேரி, சகாய மேரி எல்லாம் அப்படித்தான்.

மதிப்பெண் பக்கம் சுருக்கமாக இருக்கட்டும். அரசே 2017இல் பொதுத்தேர்வு ரேங்க் பட்டியலை நிறுத்திவிட்டது, நாம் ஏன் தூக்கிப் பிடிக்க வேண்டும்?

இறப்புச் செய்திக்கு ஒரு மாதம் தாமதமானாலும் பரவாயில்லை, வீட்டாரிடம் நேரில் கேட்காமல் போடாதீர்கள். குழுவில் வந்த 'ஆழ்ந்த இரங்கல்' செய்தியை நம்பி, இறந்தவருக்குப் பதில் அவருடைய தம்பி பெயரைப் போட்ட மடல் ஒன்று எனக்குத் தெரியும். தம்பி பிறகு பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்துக்கு வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார். கத்தோலிக்கர் என்றால் 'இறைவனில் இளைப்பாறுகிறார்', மற்றவர்களுக்கு 'காலமானார்'. 30ஆம் நாள் திருப்பலி எங்கே, எப்போது என்று வீட்டார் சொன்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

வேலை முறை பற்றிக் கடைசியாகக் கொஞ்சம். ஏ4 தாளை மடித்து நான்கு பக்கம், அதற்கு மேல் போகாதீர்கள். எழுத்து 13 புள்ளிக்குக் குறைந்தால் தாத்தா பாட்டி படிக்க மாட்டார்கள்; அவர்கள்தாம் வரி விடாமல் படிக்கும் வாசகர்கள். டிடிபி கடையில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்தால் அதை யூனிகோடுக்கு மாற்றி வாங்குங்கள், இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். மெய்ப்பு பார்க்க சிஸ்டர் ஒருவர், நீங்கள் ஒருவர், போதும். ஐந்து பேர் குழு போட்டால் ஐந்தாவது ஆள் விருந்தினரை மறுபடியும் முதல் பக்கத்தில் ஏற்றிவிடுவார்.

அப்புறம், ஒவ்வொரு மடலிலும் இரண்டு பிரதிகளை எடுத்துத் தேதியிட்டு அலுவலகக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். வைர விழா மலர் போடும்போது அதைத்தான் தேடுவார்கள். எங்கள் பள்ளியில் தேடியபோது பீரோவில் இருந்தது கரையான்.