ஆக்சிஜன் வளையம் பத்திக் கேளுங்க: காரைக்குடி லேப்காரர் பதில்

லேப் பெஞ்சுல சைக்ளோஅடிஷன், அதாவது ரெண்டு துண்டு சேந்து வளையமாகுற ரியாக்ஷன், ஓட்டுறதுதான் என் பொழப்பு. ஆக்சிஜன் உள்ள வளையம் பத்தி மட்டும் கேளுங்க. "பரீட்சைக்கு வருமா"ன்னு கேட்டா பதில் கிடையாது.

தேவகோட்டை எம்எஸ்சி மாணவி: சார், கார்பனைலையும் (C=O) ஆல்கீனையும் (C=C) சேத்து வளையமாக்குற பட்டர்னோ-பூச்சி (Paternò–Büchi) ரியாக்ஷனுக்கு எதுக்கு லைட்? சூடு பண்ணா ஆகாதா?

ஆகாதும்மா. கார்பனைலும் ஆல்கீனும் 2+2ஆ (ரெண்டு அணுவோட ரெண்டு அணு) ஒரே மூச்சுல சேர வெறும் சூட்டுல ஆர்பிட்டால் சிமெட்ரி ஒத்துவராது. லைட் பட்டா ஆக்சிஜனோட லோன் பேர்ல (பிணைப்புல சேராத எலக்ட்ரான் ஜோடில) ஒரு எலக்ட்ரான் பை ஸ்டார்ங்கிற மேல் ஆர்பிட்டாலுக்கு ஏறிரும், அந்த ஆக்சிஜன் போயி ஆல்கீன்ல ஒரு கார்பனைப் புடிக்கும், மிச்ச ரேடிக்கல் (ஜோடியில்லாத எலக்ட்ரான்) எங்க நின்னா ஸ்திரமோ அங்க நிக்கும், அப்புறம் மூடி ஆக்ஸெட்டேன், அதாவது ஒரு ஆக்சிஜன் உள்ள நாலணு வளையம். 2-மெத்தில்-2-பியூட்டீன்னா ரேடிக்கல் ரெண்டு மெத்தில் உள்ள கார்பன்ல, அதனால ஆக்சிஜன் பெரும்பாலும் மத்த கார்பன்ல. 1909ல பட்டர்னோ இத வெயில்லயே வச்சுப் பண்ணாரு, 1954ல பூச்சி திரும்பப் பண்ணி வளையம் இதுதான்னு உறுதி பண்ணாரு.

கானாடுகாத்தான் தம்பி: அப்ப வளவுல வத்தல் காயிற எடத்துல வச்சாப் போதுமாண்ணே?

வெயிலுக்கு நம்ம ஊர்ல பஞ்சமில்ல, ஆனா வீட்ல வேணாம்ப்பா. இதுக்குக் கார்பனைலாப் போடுற பெஞ்சால்டிஹைடு காத்து பட்டா பென்சாயிக் ஆசிட் ஆயிரும். கரைப்பானா ஈதர், டெட்ராஹைட்ரோஃபியூரான் ஊத்தி வெயில்ல வச்சா பெராக்சைடு சேரும், அத வத்த விட்டா வெடிக்கும்.

பள்ளத்தூர்: புற்றுநோய் மருந்து டாக்சால்ல உள்ள ஆக்ஸெட்டேனும் இப்படித்தான் பண்ணாங்களா?

இல்ல. 1994ல ஹோல்டன், நிகோலாவ் ரெண்டு குழுவுமே உள்ளுக்குள்ள இருக்க ஆக்சிஜன வச்சு லீவிங் குரூப்பை (கழண்டு போற தொகுதிய) தள்ளித்தான் மூடுனாங்க.

புதுக்கோட்டை புரொஃபசர்: டேனிஷெஃப்ஸ்கி டையீன் (ரெண்டு இரட்டைப் பிணைப்பு உள்ள சிலில் ஈதர்) கூட ஆல்டிஹைடு போட்டா, நாலணுவும் ரெண்டணுவும் ஒரே மூச்சுல சேருற 4+2ன்னு எல்லாரும் எழுதுறீங்க. அது மொதல்ல ஒரு பக்கம் மட்டும் சேருற ஆல்டால், அப்புறம் மூடுது. ஒத்துக்கங்க.

பாதிதான் ஒத்துக்குவேன் சார். ஜிங்க் குளோரைடு போட்டா நெசமான 4+2 மாதிரிதான் போகுது, போரான் ட்ரைஃபுளூரைடு போட்டா நீங்க சொல்ற வழி, முகையாமா ஆல்டால்னு பேரு. ரெண்டையும் டேனிஷெஃப்ஸ்கி குழுவே காட்டிருக்கு.

அதே புரொஃபசர்: கடைசில கெடைக்கிறது ஒரே டைஹைட்ரோபைரனோன் (ஆக்சிஜன் உள்ள ஆறணு வளையம்) தானே, எந்த வழின்னு எப்படிப் பிரிச்சுச் சொல்வீங்க?

அங்கதான் எல்லாரும் ஏமாறுறாங்க. ட்ரைஃபுளூரோஅசிட்டிக் ஆசிட் ஊத்துனதும் ரெண்டு வழியும் ஒரே எடத்துக்கு வந்துரும், அதுக்கப்புறம் என்எம்ஆர் எடுத்து என்ன பிரயோஜனம்? ஆசிட்டுக்கு முன்னாடியே கொஞ்சம் எடுத்து குவெஞ்ச் பண்ணி (ரியாக்ஷன நிப்பாட்டி) என்எம்ஆர்ல பாருங்க. வளையம் மூடாத ஆல்டால் இருந்தா வினைல் ஹைட்ரஜனோட டப்ளெட் (ரெட்டைக் கோடு) ரெண்டும் 12 ஹெர்ட்ஸ் கிட்ட பிரிஞ்சிருக்கும், ஏன்னா இரட்டைப் பிணைப்பு டிரான்ஸ். மூடுன பைரனோன்னா 6 ஹெர்ட்ஸ், 7.4 பிபிஎம்லயும் 5.5 பிபிஎம் கிட்டயும் வரும். நான் ஸ்டூடன்ட்ஸ்ட்ட இந்த நடுவாந்தர ஸ்பெக்ட்ரத்தக் காட்டுனாத்தான் ஸ்கீம்ல 4+2ன்னு எழுத விடுவேன்.

தேவகோட்டை மாணவி: சார், அப்ப நெட் பரீட்சைல எத எழுத?

போட்ட லூயிஸ் ஆசிட் ஜிங்க் குளோரைடா, போரான் ட்ரைஃபுளூரைடான்னு பாத்து எழுதும்மா.

இன்னொருத்தர்: பட்டர்னோ-பூச்சிக்கு ஏன் லைட் வேணும்?

மேல இருக்கு.

காரைக்குடி தம்பி: ஓசோன் விட்டு ஆல்கீன ஒடைக்கிற ஓசோனாலிசிஸ் சைக்ளோஅடிஷனாண்ணே?

ஆமா, ஒண்ணுல்ல ரெண்டு. ஓசோன் ஆல்கீன்மேல 3+2ஆ ஏறும், அது ஒடைஞ்சு கார்பனைல் ஆக்சைடும் கார்பனைலும் வரும், அதுக ரெண்டும் திரும்ப 3+2ஆ சேந்து ட்ரையாக்சோலேன், மூணு ஆக்சிஜன் உள்ள அஞ்சணு வளையம். பெராக்சைட ஒடைக்க டைமெத்தில் சல்ஃபைடு போட்டு, ஸ்டார்ச் அயோடைடு பேப்பர் நீலமாகலன்னு பாக்காம ரோட்டாவாப்ல (கரைப்பான வத்த வைக்கிற மெஷின்ல) ஏத்தாதீங்க. பெராக்சைடு பத்தி மேல சொன்னேன், இங்கயும் அதேதான்.

மறுபடி ஒருத்தர்: நோட்ஸ் பிடிஎஃப் இருக்கா?

இல்ல.