மந்திரவாதியின் நிறம்

கேள்வி: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. மாயாஜாலக் கதை கையில் இருந்தால் சோறு தண்ணீர் வேண்டாம் அவளுக்கு. போன வாரம் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "அம்மா, இந்தக் கதையிலெல்லாம் எல்லாரும் ஏன் வெள்ளையாவே இருக்காங்க?" என்று கேட்டாள். அவள் என்னைப் போல நல்ல கறுப்பு. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்களேன்.
(வாசகி ஒருவர், விருதுநகர்)

பதில்: முதலில் உங்கள் மகளுக்கு என் அன்பு. அவள் வயதில் எனக்கு இதைக் கேட்கத் தோன்றவே இல்லை. ஏழாம் வகுப்பு ஆண்டு விழா நாடகத்தில் இளவரசியின் வசனம் முழுக்க எனக்குத்தான் மனப்பாடம். வேஷம் வேறொரு பெண்ணுக்குப் போனது. எனக்குச் சூனியக்காரி வேஷம். "உனக்கு மேக்கப்கூடத் தேவையில்லை" என்றார் டீச்சர். அவள் வசனத்தை மறந்தபோதெல்லாம் திரைக்குப் பின்னால் நின்று எடுத்துக் கொடுத்தது நான்தான். அதுதான் முறை என்று நினைத்திருந்தேன்.

கல்லூரிக் காலத்தில், நடைபாதைக் கடையில் பத்து ரூபாய்க்கு ஒரு பழைய புத்தகம் வாங்கினேன். அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ க்வின் 1968-இல் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ'. எர்த்ஸீ என்பது தீவுகளால் ஆன ஒரு கற்பனை உலகம். முன் அட்டை கிழிந்து போயிருந்தது. நாயகன் எப்படி இருப்பான் என்று காட்ட ஒரு படமும் கிடையாது. காண்ட் என்ற மலைத்தீவில் ஆடு மேய்க்கும், தாயில்லாத பையன். பெயர் கெட். ரோக் தீவில் மந்திரம் படிக்கப் போகிறான். தலைக்கனத்தில், செத்தவளின் ஆவியை அழைத்துக் காட்டுகிறேன் என்று கிளம்பி, ஒரு கரிய நிழலை உலகத்துக்குள் அவிழ்த்து விட்டுவிடுகிறான். அது அவன் முகத்தைக் கிழித்துவிட்டுப் போகிறது. இப்படிப் படித்துக்கொண்டே போகும்போது ஓர் இடத்தில் கெட்டின் தோழன் வெட்சைப் பற்றி ஒரு வரி வருகிறது. அந்தத் தீவுகளில் பெரும்பாலோரைப் போல கெட் செம்பழுப்பு, வெட்ச் அவனைவிட நல்ல கறுப்பு. அவ்வளவுதான், கதை அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. நான் மட்டும் போகவில்லை. அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கறுப்பு என்பது அங்கே ஒரு குறையாகவும் இல்லை, பெருமையாகவும் இல்லை. ஒருவன் உயரமாக இருப்பதைப் போல ஒரு தகவல்.

அந்த வெட்ச் செய்யும் காரியத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த உலகில் ஒவ்வொருவருக்கும் ஓர் உண்மைப் பெயர் உண்டு. அதைத் தெரிந்தவன் உங்களை ஆட்டிவைக்கலாம் என்பதால் உயிருக்கு உயிரானவர்களிடம் மட்டுமே சொல்வார்கள். மாதக்கணக்கில் படுத்துக் கிடந்து, வெட்கத்தில் குன்றிப்போய் கெட் எழுந்து வருகிறான். பள்ளியை விட்டுப் போகப்போகும் வெட்ச், அவன் கேட்காமலேயே தன் உண்மைப் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறான். எனக்கு இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் கண் கலங்கும்.

இது தற்செயலாக அமைந்த நிறம் இல்லை. லெ க்வினின் அப்பா ஆல்ஃப்ரட் க்ரோபர் மானிடவியலாளர், கலிஃபோர்னியாவின் பூர்வகுடி மக்களிடையே பல ஆண்டுகள் ஆய்வு செய்தவர். உலகத்தில் பெரும்பாலோர் வெள்ளையர் இல்லையே என்பது மகளுக்குச் சிறுவயதிலேயே புரிந்திருக்கும். 2004-இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் கெட்டை வெள்ளைக்காரப் பையனாக்கியபோது அவர் கோபமாக ஒரு கட்டுரை எழுதினார். நிறத்தைத் தொடக்கத்திலிருந்தே யோசித்துத்தான் வைத்தேன், வெள்ளைக்காரப் பிள்ளைகள் கெட்டின் தோலுக்குள் புகுந்துவிட்ட பிறகே அது வெள்ளைத் தோல் இல்லை என்று தெரியட்டும் என்று மெதுமெதுவாகச் சொன்னேன் என்றார். அவர் மனத்தில் வைத்திருந்தது அந்தப் பிள்ளைகளை. எனக்கு நடந்தது வேறு. யாரோ ஒருவரின் தோலுக்குள் புகுந்தே கதை படித்துப் பழகிய நான், அன்று என் தோலோடு உள்ளே போனேன். அந்த அம்மாவுக்கு நான் பட்ட நன்றிக்கடன் அது.

மகளுக்கு இந்தப் புத்தகத்தையே வாங்கிக் கொடுங்கள். வெள்ளைத் தோல் மந்திரவாதியை வரைந்த அட்டைகளும் வந்திருக்கின்றன. அதில் லெ க்வினுக்கே மனக்குறை இருந்தது. அப்படி ஒன்று கிடைத்தால், பள்ளி நோட்டுக்குப் போடுவோமே, அந்த பிரவுன் ஷீட்டைப் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: நீங்கள் அடிக்கடி சொல்கிறீர்களே என்று எர்த்ஸீ முதல் புத்தகத்தைப் படித்தேன். மந்திரப் பள்ளியில் ஒரு பெண்கூட இல்லை. போதாததற்கு, பெண்களின் மந்திரம் பலவீனமானது, கெட்டது என்று ஒரு சொலவடை வேறு. இதையா கொண்டாடுகிறீர்கள்?
(வாசகர் ஒருவர், தஞ்சாவூர்)

பதில்: நீங்கள் சொல்வது சரி. அந்தக் குறை லெ க்வினுக்கும் தெரிந்தது. மூன்றாம் புத்தகம் 1972-இல் வந்தது. பதினெட்டு வருடம் கழித்து, 1990-இல், 'டெஹானு' என்ற நான்காவதோடு அதே தீவுக்குத் திரும்பி வந்தார். பெயரும் விருதும் வாங்கிய ஒருவர், தான் கட்டிய வீட்டின் சுவரைத் தானே இடித்து வாசல் வைத்ததைப் போலத்தான் எனக்குத் தெரிகிறது. அதில் நாயகி டெனார், நடுவயது விதவை. சொந்த மனிதர்களே தீயில் போட்டு முகமும் கையும் வெந்துபோன ஒரு சிறுமியை எடுத்து வளர்க்கிறாள். கெட் வருகிறான், மந்திரமெல்லாம் தீர்ந்துபோய், வெறும் மனிதனாக.

இருபது வயதில் எனக்கு வெட்ச் வேண்டியிருந்தது. ஐம்பதைத் தாண்டியபின் டெனார். கடலிலிருந்து வீடு திரும்பும் அவளுடைய மகன், சாப்பிட்ட தட்டை எடுக்கச் சொன்னால் அது பொம்பளைங்க வேலை என்கிறான். இந்த அடுக்களையில் சாப்பிடுகிற எல்லாருடைய வேலையும்தான் என்கிறாள் டெனார். ஒரு காலத்தில் நாகங்களோடு பேசிய, மந்திரவாதிகளுக்கெல்லாம் தலைவனாக இருந்த கெட், பேசாமல் எழுந்து பாத்திரம் கழுவுகிறான்.