வலிக்காத காதிலும் நீர் கோத்திருக்கலாம்

மழை தொடங்கினால் எங்கள் காது மூக்கு தொண்டைப் பிரிவில் முதலில் மூக்கொழுகும் பிள்ளைகள் வருவார்கள். அடுத்த மாதம் அவர்களில் சிலர் காதைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். இந்த முறை வந்த கேள்விகளும் பெரும்பாலும் அதைப் பற்றித்தான். ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

யு.கே.ஜி. படிக்கும் மகன் கூப்பிட்டால் திரும்புவதில்லை. டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறான். காது வலி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நடுக்காதில் நீர் இருக்கிறது என்கிறார் டாக்டர். குளிக்கும்போது தண்ணீர் போயிருக்குமோ?

இல்லை. செவிப்பறை முழுதாக இருக்கும்வரை குளிக்கிற தண்ணீர் அதைத் தாண்டாது. இந்த நீர் உள்ளேயே ஊறியது. நடுக்காதையும் மூக்கின் பின்பகுதியையும் ஒரு சிறு குழாய் இணைக்கிறது. நாம் எச்சில் விழுங்கும்போதெல்லாம் அது திறந்து நடுக்காதுக்குக் காற்று கொடுக்கும். பெரியவர்களுக்கு அது சரிவாக இறங்கும். சின்னப் பிள்ளைகளுக்குக் குட்டையாக, ஏறக்குறைய படுக்கைவாட்டில் இருக்கும். சளி பிடித்தாலோ மூக்கின் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கினாலோ அந்தக் குழாய் அடைத்துக்கொள்ளும். காற்று போகாத நடுக்காதில் நீர் சுரக்கும். நாள்பட்டால் அது கோந்து மாதிரி கெட்டியாகும்.

இதில் சீழும் இல்லை, காய்ச்சலும் இல்லை, அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை. கேட்கும் திறன் பொதுவாக 20 முதல் 30 டெசிபெல் குறையும். பக்கத்தில் நின்று பேசினால் கேட்கும். கடைசி பெஞ்சிலிருந்து டீச்சர் சொல்வது பாதிதான் கேட்கும். பிள்ளைக்குத் திமிர், கவனமில்லை என்று அடி வாங்கிக் கொடுப்பது இந்த நீர்தான். பள்ளியில் சொல்லி முன்வரிசையில் உட்கார வையுங்கள். வீட்டில் டிவியை நிறுத்திவிட்டு முகம் பார்த்துப் பேசுங்கள்.

அதே நீர்தான் என் மகளுக்கும். மூன்று மாதம் பொறுங்கள் என்று மருந்தே எழுதாமல் அனுப்பிவிட்டார். வேறு டாக்டரிடம் காட்டலாமா?

தாராளமாகக் காட்டலாம். ஆனால் உங்கள் டாக்டர் செய்தது சரி. ஆன்டிபயாடிக், சளி மாத்திரை, ஸ்டீராய்டு எதுவும் இந்த நீரை வற்ற வைப்பதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்று மாதத்துக்குள் தானாக வற்றிவிடும். மருந்துச்சீட்டு நீளமாக இருந்தால்தான் வைத்தியம் என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதற்காக எழுதிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் பொறுப்பது வேறு, மறந்துவிடுவது வேறு. தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, மூன்று மாதம் முடிந்ததும் கேட்கும் திறன் பரிசோதனையும், செவிப்பறை அசைகிறதா என்று பார்க்கும் டிம்பனோமெட்ரியும் செய்யுங்கள். இரண்டாவது சோதனையில் காதில் ஒரு ரப்பர் முனையைச் சில வினாடிகள் வைப்பார்கள், வலிக்காது. தாளில் கோடு கூம்பாக எழுந்து இறங்கினால் நல்லது. தட்டையாகப் போனால் நீர் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். அன்னப் பிளவு, டவுன் சிண்ட்ரோம், பேச்சுத் தாமதம் உள்ள பிள்ளைகளை மட்டும் இந்த மூன்று மாதக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவர்களுக்கு முன்னதாகவே பார்க்க வேண்டும்.

செவிப்பறையில் குரோமெட் என்ற குட்டிக் குழாய் வைக்கச் சொல்கிறார்கள். நல்ல செவிப்பறையில் ஓட்டை போடலாமா?

போடலாம், இரண்டு காதிலும் நீர் மூன்று மாதத்துக்கு மேல் நின்று, கேட்கும் திறனும் குறைந்திருந்தால். 1954ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் ஆர்ம்ஸ்ட்ராங் பிளாஸ்டிக் குழாயை வைத்துக் காட்டியதிலிருந்து நடந்துவரும் சிகிச்சை இது. அந்தக் குட்டிக் குழாய் காற்றை உள்ளே விடும், அவ்வளவுதான். ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடத்துக்குள் பெரும்பாலும் தானாக விழுந்துவிடும், துளையும் மூடிக்கொள்ளும். வெகு சிலருக்குத் துளை நின்றுவிடுவதுண்டு. நான்கு வயது தாண்டிய பிள்ளைக்கு அடினாய்டையும் சேர்த்து எடுக்கலாமா என்று கேளுங்கள்.

இரவு முழுக்கக் காது வலியில் அழுதாள். காலையில் தலையணையில் சீழும் ரத்தமும். அப்புறம் வலியே இல்லை, சிரித்து விளையாடுகிறாள். என் மாமியார் பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் விடச் சொல்கிறார்.

எண்ணெய் வேண்டாம். உள்ளே சேர்ந்த சீழின் அழுத்தம் தாங்காமல் செவிப்பறையில் சிறு துளை விழுந்திருக்கிறது. அழுத்தம் குறைந்ததால்தான் வலி நின்றது. இந்த மாதிரித் துளை பெரும்பாலும் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் தானாக மூடும். ஆனால் துளை இருக்கும்போது விடுகிற எண்ணெய் நேராக நடுக்காதுக்குப் போகும். சூடு அதிகமாகிக் காதுக்குழாய் வெந்துபோன பிள்ளைகளும் எங்களிடம் வருகிறார்கள். தாய்ப்பால் விடுவதும் அப்படித்தான், வேண்டாம்.

வழிவதைச் சுத்தமான துணியால் வெளியே மட்டும் துடையுங்கள். வலியோ காய்ச்சலோ இருந்தால் பாராசிட்டமால், ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில். பாட்டிலில் 5 மில்லிக்கு 125 என்று போட்டிருக்கிறதா 250 என்றா என்று பார்த்துவிட்டு ஊற்றுங்கள். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். காது ஒழுகினால் ஆன்டிபயாடிக் தேவைப்படலாம்.

வீட்டு அலமாரியில் போன வருடச் சொட்டு மருந்து இருந்தால் எடுக்காதீர்கள். ஜென்டாமைசின், நியோமைசின் கலந்த சொட்டு துளை வழியே உள்ளே போனால் உள்காது நரம்பைக் கெடுக்கக்கூடும். துளையுள்ள காதுக்கு சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்லாக்சசின் வகைதான் பாதுகாப்பு, அதையும் டாக்டர் சொன்னால் மட்டும்.

காதுக்குப் பின்னால் வீங்கி மடல் முன்னே தள்ளிக்கொண்டு நின்றாலோ, வாய் ஒரு பக்கம் கோணினாலோ, கழுத்து விறைத்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

விளையாட்டில் அண்ணன் அறைந்ததில் தம்பிக்குச் செவிப்பறை கிழிந்துவிட்டது. ஆபரேஷனா?

அவசரமில்லை. அறையும்போது காதுக்குழாயில் அடைபட்ட காற்றுதான் கிழிக்கிறது. இப்படிக் கிழிந்தவை பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதத்தில் கூடிவிடும். அதுவரை தண்ணீர் படக்கூடாது. தலைக்கு ஊற்றும்போது பஞ்சில் வாசலின் தடவி அடையுங்கள். மூக்கை வேகமாகச் சிந்த வேண்டாம். சொட்டு மருந்தும் வேண்டாம். தலைசுற்றல் இருந்தால் மட்டும் உடனே காட்டுங்கள். ஆறிய பிறகு ஒருமுறை கேட்கும் திறனைப் பார்த்துவிடுங்கள்.

ஒன்பது வயதுப் பேரனுக்கு இரண்டு வருடமாகக் காதில் கொஞ்சமாகக் கசிகிறது, நாற்றம். வலி இல்லை. மெடிக்கலில் சொட்டு வாங்கி விட்டால் அடங்குகிறது, மறுபடி வருகிறது.

அம்மா, இந்த வாரக் கேள்விகளில் எனக்குக் கவலை தந்தது உங்களுடையதுதான். நிறைய ஒழுகும் காதைவிட, கொஞ்சமாக நாற்றத்தோடு கசியும் காது ஆபத்தானது. உள்ளே தோல் வளர்ந்து எலும்பை அரிக்கும் கொலெஸ்டியடோமாவாக இருக்கலாம். அது புற்றுநோய் அல்ல, ஆனால் கேட்கும் எலும்புகளையும் முக நரம்பையும் கெடுக்கும், மூளைப் பக்கமும் போகும். சொட்டு மருந்தில் போகாது, ஆபரேஷன்தான். மைக்ரோஸ்கோப் வைத்துப் பார்க்கும் காது மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே போதும். வெறும் துளை மட்டும்தான் என்றால், காதுக்கு மேலே தசையை மூடியிருக்கும் சவ்வை எடுத்து ஒட்டிவிடலாம், அதற்கு அவசரமில்லை.

கைக்குழந்தைக்குப் படுத்தபடி பால் புட்டி கொடுக்கலாமா?

தலையை உயர்த்தி வைத்துக் கொடுங்கள். தாய்ப்பால் கொடுத்தால் காதுத் தொற்றும் குறையும். வீட்டில் யாராவது சிகரெட் பிடித்தால் அதை நிறுத்துவது இன்னும் முக்கியம்.

காதில் நீர் இருக்கும்போது விமானத்தில் போகலாமா?

போகலாம். இறங்கும்போது ஏதாவது குடிக்கக் கொடுத்து விழுங்க வையுங்கள். கடும் சளியோ காது வலியோ இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவது நல்லது. குரோமெட் வைத்த காதுக்கு இந்தத் தொல்லையே இல்லை. காற்று அதன் வழியே போய்வந்துவிடும்.