ஆறடி போர்டு இப்போது வேண்டாம்

கேள்வி: எனக்கு ஊர் பாளையங்கோட்டை. வயது 27, எடை 72 கிலோ. தாமிரபரணியில் நீந்திப் பழகியவன். சென்னை கோவளத்தில் ஒருநாள் அலைச்சறுக்குப் பயிற்சி எடுத்தேன். முழங்காலில் நிற்க வருகிறது. எழுந்தால் தலைகுப்புற விழுகிறேன். நண்பர் தன் ஆறடி ஃபைபர் போர்டைப் பாதி விலைக்குத் தருகிறார். வாங்கி, மணப்பாட்டில் நானாகவே பழகலாமா?

பதில்: அந்த போர்டை வாங்காதீர்கள். ஆறடி ஷார்ட் போர்டின் கொள்ளளவு ஏறக்குறைய 30 லிட்டர்தான். நீங்கள் ஏறிப் படுத்தால் பாதி அமிழ்ந்துவிடும். கையால் எவ்வளவு துழாவினாலும் வேகம் எடுக்காது. வேகமில்லாத பலகையை விட்டுவிட்டு அலை முன்னே போய்விடும். உங்கள் எடை எத்தனை கிலோவோ அத்தனை லிட்டருக்குக் குறையாத பலகைதான் தொடக்கத்துக்குச் சரி. எட்டரை, ஒன்பது அடி நீளத்தில், மேல்பக்கம் மெத்தென்றிருக்கும் ஃபோம் போர்டு கேளுங்கள். பழகும் வரை வாடகைக்கு எடுத்தாலே போதும்.

இனி விழுவதைப் பார்ப்போம். எழும்போது தலைகுப்புற விழுபவர்கள் பெரும்பாலும் படுத்திருக்கும்போதே தவறிவிட்டவர்கள். கொஞ்சம் முன்னால் தள்ளிப் படுத்தாலும் போர்டின் மூக்கு தண்ணீருக்குள் குத்தும். ரொம்பப் பின்னால் போனால் மூக்கு வானத்தைப் பார்க்கும், அலை உங்களைத் தாண்டிப் போய்விடும். நடுக்கோட்டில் படுத்து, மூக்கு நீர்மட்டத்துக்கு மேல் இரண்டு மூன்று அங்குலம் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அப்போது உங்கள் முகவாய்க்கு நேராக வரும் இடத்தில் போர்டில் ஓர் அடையாளம் போட்டுக்கொண்டால் ஒவ்வொரு தடவையும் தேட வேண்டாம்.

இரண்டாவது காரணம் கை. அவசரத்தில் எல்லோரும் போர்டின் விளிம்பைப் பிடிப்பார்கள். அல்லது தோளுக்கு முன்னால் கையூன்றுவார்கள். முன்னால் ஊன்றினால் மொத்த எடையும் மூக்கில் இறங்கும். விளிம்பை அமுக்கினால் போர்டு பக்கவாட்டில் புரளும். உள்ளங்கை இரண்டையும் கடைசி விலா எலும்புக்குப் பக்கத்தில், போர்டின் மேல் தட்டையாக வையுங்கள்.

நுரை அலை ஐந்து மீட்டர் தூரத்தில் வரும்போதே கரையைப் பார்த்துத் துழாவத் தொடங்குங்கள். நுரை வாலில் மோதியதும் போர்டு ஒரு குலுக்கு குலுக்கும். அந்தக் குலுக்கலில் எழுந்தால் விழுவது உறுதி. இன்னும் இரண்டு துழாவல் போட்டு, போர்டு சீராக வழுக்குவது வயிற்றில் தெரிந்த பிறகு, ஒரே மூச்சில் கையை அழுத்தி, முன்காலை இரு கைகளுக்கும் நடுவே கொண்டுவந்து வையுங்கள். முட்டி மடங்கியிருக்கட்டும். பார்வை கரையிலுள்ள பனையிலோ கோபுரத்திலோ இருக்கட்டும். காலைக் குனிந்து பார்த்தால் தலையோடு உடம்பும் முன்னால் சாயும்.

முழங்காலில் நிற்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். முட்டி போட்டபின் முன்காலை உள்ளே கொண்டுவர இடமிருக்காது. எடை ஒரு பக்கம் சாய்ந்து போர்டு ஆடும். எழும் அசைவை மணலில் போர்டின் வடிவத்தைக் கோடிழுத்து, தினம் 20 தடவை செய்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாமல் யாரையாவது பின்னாலிருந்து தள்ளச் சொல்லுங்கள். தானாக முன்னே வரும் கால்தான் முன்கால். போர்டைக் காலோடு பிணைக்கும் லீஷ் கயிறு பின்கால் கணுக்காலில்.

விழுவதற்கும் முறை உண்டு. இடுப்பளவுத் தண்ணீரில் தலையை முன்னே விட்டுப் பாய்ந்தால் கழுத்தெலும்பு போய்விடும். பக்கவாட்டில், உடம்பைப் பரப்பி விழுங்கள். எழும்போது இரு கையாலும் தலையை மூடிக்கொண்டே வெளியே வாருங்கள். லீஷ் இழுத்த போர்டு உங்கள் தலைக்குத்தான் திரும்பி வரும். உள்ளே நடக்கும்போது போர்டு உங்கள் பக்கத்தில், மூக்கு அலையை நோக்கி இருக்க வேண்டும். குறுக்கே பிடித்தால் அலை அதை உங்கள் மேலேயே அடிக்கும். பாதத்தை மணலில் தேய்த்தபடி நடங்கள், கிடக்கும் திருக்கை விலகிப் போகும்.

மணப்பாடு நல்ல இடம். ஆனால் கோயில் நிற்கும் குன்றடியில் பாறை உண்டு. அங்கே வளைந்து வரும் அலை பழகியவர்களுக்கானது. கருமேனியாற்று முகத்துவாரத்தையும், எந்த ஊரிலும் கடலுக்குள் கல்லடுக்கிக் கட்டிய தூண்டில் வளைவின் ஓரத்தையும் தவிருங்கள். கரையில் குவியும் தண்ணீர் அவற்றை ஒட்டித்தான் கடலுக்குத் திரும்பும். இரண்டு பக்கமும் நுரை இருக்க, நடுவில் மட்டும் அலை உடையாமல் அமைதியாகத் தெரிந்தால், புதியவர்கள் அதையே பாதுகாப்பான இடம் என்று நினைப்பார்கள். உள்ளே இழுக்கும் ஓட்டம் பெரும்பாலும் அங்கேதான். அகப்பட்டால் போர்டை விடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் துழாவி வெளியேறுங்கள். ஆற்று நீச்சல் இதற்குப் போதாது. 200 மீட்டர் நிற்காமல் நீந்தவும், பத்து நிமிடம் காலூன்றாமல் மிதக்கவும் முடிகிறதா என்று முதலில் பாருங்கள்.

காற்றையும் கவனியுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்து பணகுடிப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் கச்சான் என்னும் மேற்குக் காற்று, குற்றால சீசன் மாதங்களில் நம் கிழக்குக் கரையில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். அலையின் முகம் அழகாக நிற்கும். ஆனால் ஒன்பதடி போர்டோடு உங்களையும் கடலுக்குள் தள்ளும். அந்த மாதங்களில் விடியற்காலையில் மட்டும் இறங்கி, காற்று ஏறியதும் கரையேறுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் கடல் அடங்கியிருக்கும்; பழகுவதற்கு அந்தச் சின்ன நுரை போதும். ஏப்ரல், மே மாதங்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை வந்தால் முழங்காலளவுகூட இறங்காதீர்கள். தென் இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலின் அலை அது. இங்கே காற்றே இருக்காது, கடல் திடீரென்று ஏறும். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அப்படித்தான் இழந்தோம்.

தனியாகப் பழக வேண்டாம். முதல் சில வாரங்கள் பயிற்சியாளரோடு, பிறகும் கரையில் ஒருவரை நிறுத்தி இறங்குங்கள். வள்ளம் இறக்கும் இடமும் வலை கிடக்கும் இடமும் எவை என்று ஊர் மீனவர்களிடம் கேட்டுவிட்டுப் போங்கள். அன்றைக்கு நீரோட்டம் எந்தப் பக்கம் என்பதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இடுப்பளவு நுரையில் பத்துக்கு ஏழு தடவை எழுந்து நின்று, நினைத்த பக்கம் திருப்பவும் வந்த பிறகு, உடையாத பச்சை அலைக்குப் போகலாம். அதற்கும் இதே ஃபோம் போர்டுதான். நண்பரிடம் ஓர் ஆண்டு கழித்துக் கேளுங்கள்.