குழு வேலையா, தனி வேலையா? விண்ணப்பத்தில் என்ன எழுதுவது?

'நீங்கள் குழுவோடு சேர்ந்து வேலை செய்பவரா, தனியாகச் செய்பவரா?' விண்ணப்பத்தில் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிடுகிற பலரை எனக்குத் தெரியும். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இதைப் பற்றியே இருந்ததால், மற்றவற்றைத் தள்ளிவைத்துவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

கணக்கியல் டிப்ளோமா முடித்திருக்கிறேன். பங்சார் சவுத்தில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கிறேன். இந்தக் கேள்விக்கு ஒரு சின்னக் கட்டம்தான் கொடுத்திருக்கிறார்கள். 'இரண்டும் எனக்குச் சம்மதம்' என்று எழுதினால் போதுமா?
*(வாசகி, செந்தூல்)*

போதாது. தப்பான பதில் இல்லைதான், ஆனால் கிட்டத்தட்ட எல்லாரும் அதையே எழுதுகிறார்கள். அதைப் படித்து உங்களைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. யாரும் பக்கத்தில் நின்று சொல்லாமலே உங்கள் வேலை நகருமா, சிக்கல் வந்தால் உரிய நேரத்தில் ஆளைக் கூப்பிடுவீர்களா என்பதைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

முதலில் வேலையைப் பாருங்கள். சப்ளையர் பில்களைச் சரிபார்க்கும் வேலை என்றால் நாளின் பெரும்பகுதி நீங்களும் கணினியும்தான். ஆனால் பில்லில் உள்ள விலையும் ஆர்டரில் உள்ள விலையும் ஒத்துப்போகவில்லை என்றால் கொள்முதல் பிரிவைக் கேட்காமல் மேலே போக முடியாது. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும்போது மொத்தப் பிரிவும் ஒரே தேதியைப் பிடிக்க ஓடும். ஆக, உங்கள் பதிலில் இரண்டும் வர வேண்டும், ஒரே சம்பவத்தில் வந்தால் இன்னும் நல்லது. இந்த மாதிரி:

'பயிற்சிக் காலத்தில் சப்ளையர் பில்களை நானே சரிபார்த்துப் பதிந்தேன். ஒரு மாதக் கடைசியில் மூன்று பில்களின் விலை ஆர்டரோடு பொருந்தவில்லை. நகல்களையும் வித்தியாசத்தையும் அன்றே கொள்முதல் பிரிவுக்கு அனுப்பிவிட்டு மற்ற பில்களை முடித்தேன். மறுநாள் திருத்திய பில்கள் வந்தன. கணக்கு தேதிக்குள் முடிந்தது.'

இதில் 'கடின உழைப்பாளி', 'பொறுப்பானவர்' என்று ஒரு சொல்கூட இல்லை. படிப்பவர் தானே அந்த முடிவுக்கு வருவார். உங்கள் பயிற்சிக் காலத்தில் நடந்ததை எழுதுங்கள், என் மாதிரியை அப்படியே எடுத்துப் போட வேண்டாம்.

எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் டெக்னீஷியன். என் மெஷின்களை நான் தனியாகத்தான் பார்க்கிறேன். வேறு கம்பெனிக்கு விண்ணப்பித்தால் குழு வேலைக்கு உதாரணம் கேட்கிறார்கள். என்னிடம் ஒன்றுமே இல்லையே?
*(வாசகர், பாயான் லெப்பாஸ், பினாங்கு)*

இருக்கிறது தம்பி. தினமும் செய்வதால் உங்கள் கண்ணில் படவில்லை. ஷிப்ட் முடிந்து கிளம்பும்போது அடுத்தவரிடம் என்ன சொல்லிவிட்டுப் போகிறீர்கள்? பாயான் லெப்பாஸில் மெஷின்கள் இரவு பகலாக ஓடுவதே அந்த பாஸ்டவுனை, அதாவது அடுத்த ஷிப்டுக்குச் சொல்லி ஒப்படைப்பதை, நம்பித்தான்.

சிப்பில் மெல்லிய கம்பியை ஒட்டும் வயர் பாண்ட் மெஷினில் கம்பி ஒட்டாத பிரச்சினை அடிக்கடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பி வெளிவரும் முனையான கேப்பிலரியை மாற்றுகிறீர்கள், கம்பியை இழுத்துப் பார்க்கும் புல் டெஸ்ட் எடுக்கிறீர்கள், ரீடிங் சரியாக வருகிறது. அதுவரை நடந்தது உங்கள் தனி வேலை. அப்புறம், எத்தனை மணிக்கு மாற்றினீர்கள் என்பதையும், பக்கத்து மெஷினிலும் அதே அறிகுறி தெரிகிறது என்பதையும் எழுதிவைக்கிறீர்கள். காலை ஷிப்ட் ஆளை மெஷினுக்கே கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறீர்கள். காலையில் அவர் அந்தப் பக்கத்து மெஷினை முன்கூட்டியே நிறுத்திப் பார்த்தார் என்றால், இதைவிட நல்ல குழு வேலை உதாரணம் எங்கே கிடைக்கும்?

இதையே எழுதுங்கள். 1972-இல் தொடங்கி தலைமுறை தலைமுறையாக டெக்னீஷியன்களை வளர்த்த வட்டாரம் அது. உங்களை இன்டர்வியூ செய்பவரே ஒரு காலத்தில் ஷிப்ட் பார்த்தவராக இருக்கலாம். பாஸ்டவுனில் ஒரு வரி விட்டுப்போனால் என்ன ஆகும் என்று அவருக்கு விளக்க வேண்டியதில்லை. ஒன்றில் மட்டும் கவனம்: இப்போதைய கம்பெனியின் வாடிக்கையாளர் பெயரோ உற்பத்தி எண்ணிக்கையோ பதிலில் வரக்கூடாது.

எஸ்.பி.எம். முடித்துவிட்டேன், வேலை அனுபவம் இல்லை. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் தண்ணீர்ப்பந்தலில் உதவியதை எழுதலாமா?
*(மாணவர், கெப்போங்)*

தாராளமாக எழுதலாம். ஆனால் 'நாங்கள் பக்தர்களுக்குச் சேவை செய்தோம்' என்று எழுதினால் அந்த வாய்ப்பு வீணாகிவிடும். நம் பிள்ளைகளிடம் இதை எப்போதும் பார்க்கிறேன். 'நான் செய்தேன்' என்று சொல்வது தலைக்கனம் என்று வீட்டில் சொல்லி வளர்த்திருப்போம், அதனால் எல்லாவற்றையும் 'நாங்கள்' என்றே எழுதுகிறார்கள். பண்பு நல்லதுதான். ஆனால் கம்பெனி வேலைக்கு எடுக்கப்போவது உங்கள் ஒருவரைத்தானே?

பந்தலில் உங்கள் கையில் இருந்த வேலை எது? பானம் கலக்கியதா, பெட்டிகளை எண்ணி இறக்கியதா, குப்பைப் பையை மாற்றியதா? நள்ளிரவில் கப் தீர்ந்துபோனபோது யாரிடம் சொன்னீர்கள், யார் வாங்கி வந்தார்கள்? 'எங்கள் குழு' என்று ஒரு வரி, மற்ற வரிகளெல்லாம் 'நான்' என்று எழுதுங்கள். படிப்பவர் மலாய்க்காரராகவோ சீனராகவோ இருக்கலாம். தண்ணீர்ப்பந்தல் என்றால் பக்தர்களுக்கு இலவசமாகப் பானமும் உணவும் கொடுக்கும் இடம் என்று ஒரே வரியில் சொல்லிவிடுங்கள்.

'தனியாக வேலை செய்யப் பிடிக்கும்', 'குழுவில் இருக்கப் பிடிக்கும்' இரண்டுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் 4 போட்டால் முரண்பாடாகத் தெரியாதா?
*(வாசகி, பிரிக்பீல்ட்ஸ்)*

தெரியாது. இரண்டும் எதிரெதிர் குணங்கள் அல்ல. ஒரே விஷயத்தை வேறு வேறு சொற்களில் மறுபடியும் கேட்பார்கள், அங்கே பதில் மாறினால்தான் உறுத்தும். எல்லாவற்றுக்கும் 5 போடாமல் உள்ளபடி போடுங்கள்.

பல வருடங்களாக வீட்டில் டியூஷன் எடுத்தேன். இப்போது அலுவலக வேலைக்காக மைஃபியூச்சர்ஜாப்ஸ் வேலைவாய்ப்புத் தளத்தில் பதிந்திருக்கிறேன். தனியாகவே இருந்தவர் நம்மோடு ஒத்துப்போவாரா என்று யோசிப்பார்களோ?
*(வாசகி, பட்டர்வொர்த்)*

யோசிப்பார்கள் அக்கா, அதனால் நீங்களே முந்திக்கொள்ளுங்கள். மேலதிகாரி இல்லாமல் அட்டவணை போட்டு, கட்டணம் வசூலித்து, பரீட்சைக்கு முன் பாடத்தை முடித்தவர் நீங்கள். தனி வேலைக்கு அதுவே சாட்சி, இரண்டு வரி போதும். மீதி இடத்தைப் பெற்றோருக்குக் கொடுங்கள். ஒரு பிள்ளை கணக்கில் பின்தங்கியபோது அம்மாவிடம் எப்படிப் பேசினீர்கள், வீட்டில் அவர் எதைப் பார்த்துக்கொண்டார், பாடத்தில் நீங்கள் எதை மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். மனம் கோணாமல் கெட்ட செய்தி சொல்லத் தெரிந்தவரை எந்த அலுவலகமும் விரும்பும். பிள்ளையின் பெயர் மட்டும் வேண்டாம்.

சாட்ஜிபிடி எழுதித் தந்த பதிலை அப்படியே போடலாமா?
*(வாசகர், ஜார்ஜ் டவுன்)*

மொழிப் பிழை திருத்த வைத்துக்கொள்ளுங்கள், சம்பவத்தை அதனிடம் கேட்காதீர்கள். இன்டர்வியூவில் உங்கள் பதிலை முன்னால் வைத்துக்கொண்டு, 'அப்போது உங்கள் சூப்பர்வைசர் என்ன சொன்னார்?' என்று கேட்பார்கள். நடக்காத கதைக்கு அந்த இடத்தில் பதில் வராது. நடந்ததை முதலில் வீட்டில் யாரிடமாவது தமிழில் சொல்லிப் பாருங்கள். அவர்கள் எங்கே குறுக்கிட்டுக் கேள்வி கேட்கிறார்களோ அங்கே விவரம் குறைகிறது. அதைச் சேர்த்து, பிறகு மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள். அனுப்புவதற்கு முன் பதிலை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பு வர வாரக்கணக்கில் ஆகலாம், அனுப்பிய படிவத்தைத் திரும்பப் பார்க்க எல்லாத் தளங்களும் விடுவதில்லை.